கோழிகள் குடிக்காத குழாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் கூட இருக்கும் கப்பல் சமையல்காரருக்கும் காட்டாதே. அவர் ரொம்ப நல்லவர் என்று போன தடவை எழுதியிருந்தாய், நல்லவர்கள் வாயில்தான் எதுவும் நிற்பதில்லை. படித்ததும் கிழித்துக் கடலில் போட்டுவிடு. அடுத்த துறைமுகத்திலிருந்து போன் செய்யும்போது இதைப் பற்றி மூச்சு விடாதே, அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துத்தான் பேசுவார், நீ தும்மினால்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். உன் பழைய அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அறிவியல் நோட்டின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். வெளியே கேட்டால் பாடம் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று இதே கவரில் இருக்கும் அப்பாவின் கடிதத்தில் எழுதியிருக்கிறது. அது முக்கால்வாசி உண்மை. எழுதிய எனக்குத் தெரியாதா. நீ கப்பலேறிய நாளிலிருந்து மூன்று வருஷமாக அப்பா சொல்லச் சொல்ல, அம்மா அடுப்படியிலிருந்து கத்தக் கத்த, உனக்கு வந்த கடிதம் எல்லாம் என் கையெழுத்துதானே. அப்பாவின் கையெழுத்தை அப்பாவே மறுநாள் படிக்க முடியாது. அதனால் எனக்குக் கடிதம் என்றால் இந்த ஒரு மாதிரிதான் எழுத வருகிறது. நடுவில் வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு காற்றில் நிற்காதே என்றெல்லாம் வந்தால், பதின்மூன்று வயதில் எனக்கே புத்தி சொல்கிறாளா என்று கோபப்படாதே, கை தானாக எழுதுகிறது. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் மேஜையை வாசல் பக்கம் போட்டுவிட்டார்களாம், தூசி வருகிறது என்கிறாள். அதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதில் இல்லாதது கோழி விஷயம். இருக்கிறது, ஆனால் பொய்யாக இருக்கிறது.

எல்லாம் என்னால் தொடங்கியது. இரண்டு மாதம் முன்பு அம்மா கண்ணாடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் என் புகாரை நடுவில் நுழைத்திருந்தேன், ஞாபகம் இருக்கும். கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கிற அந்த அகலச் சட்டியைப் பற்றி. பதினோரு கோழியும் அதில் குடிப்பதைவிட நிற்பதுதான் அதிகம், ஏதோ யோசனை இருப்பது மாதிரி நடுத்தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும், நின்ற இடத்திலேயே எச்சமும் போடும், கிளறுகிற மண்ணெல்லாம் அதில்தான் விழும். காலையில் வைத்த தண்ணீர் மத்தியானம் பச்சையாகிவிடும். இரண்டு வேளையும் பிரஷ் போட்டுத் தேய்ப்பது நான். அந்தத் தண்ணீரைக் குடித்து போலீஸ்காரிக்கு வயிற்றால் போய், மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் அவர் கோழியை விட்டுவிட்டு என்னைத் திட்டினார். (போலீஸ்காரி என்பது காக்கி நிறத்துக் கோழி, உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தது.) நீ தங்கைக்கு இரக்கப்பட்டு அந்தப் பார்சலை அனுப்பினாய். இருபது நிப்பிள். கட்டைவிரல் அளவு சிவப்பு பிளாஸ்டிக், நடுவில் இரும்பு ஊசி. கோழி ஊசியைக் கொத்தினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும், கொத்தாவிட்டால் வராது, கால் வைக்க இடமில்லை, எச்சம் விழ வழியில்லை. எனக்கு உன்னைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அம்மாவுக்கு அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சம், சிவப்பு மூக்கு என்றுதான் சொல்கிறாள்.

பாக்கெட்டின் மேல் படம் போட்டிருந்தது. ஒரு வாளி, வாளிக்கு அடியில் நாலு நிப்பிள், கீழே ஒரு கோழி அண்ணாந்து பார்க்கிறது. அவ்வளவுதான். அப்பா அந்தப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், பிறகு சிரித்தார். அண்ணா, அவர் ஏணியிலிருந்து விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. கால் சரியானதும் வா என்று சொன்ன மேஸ்திரி கால் சரியாவதற்குள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அப்பா ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் இரண்டு வார்த்தை வேண்டாம், போதும். டூல் பாக்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி அதன் மேல் பழைய போர்வையைப் போட்டிருந்தார், செத்தவர் முகத்தை மூடுகிற மாதிரி. அப்படிப்பட்டவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "முப்பது வருஷம் பைப்பு வேலை பார்த்தவன் வீட்டுல, கோழி வாளியிலயா குடிக்கும்?" என்றார். குனிந்து டூல் பாக்ஸை இழுத்தார். அம்மா கையிலிருந்த கரண்டியோடு என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன், பேசினால் கலைந்துவிடும் போல இருந்தது.

அப்புறம் நடந்த வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராக ஒரு பைப்பை இறக்கினார். அடிக்கு ஒரு கிளாம்பு, மூன்று எல்போ வளைவு, பித்தளை வால்வு. கோழிக்கூண்டின் பின்சுவரில் பைப்பை மட்டம் பார்த்துப் படுக்க வைத்து எட்டு நிப்பிளை வரிசையாக மாட்டினார். இரவு அதன் அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தார், காலையில் எடுத்துப் பார்த்தால் தாள் காய்ந்த அப்பளமாக இருந்தது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. அதைச் சுருட்டிக்கொண்டு தெருவில் யார் போனாலும் நிறுத்திக் காட்டினார். அவருடைய முப்பது வருஷத்தில் ஜனங்கள் அவரிடம் குறை சொன்னது ஒன்றே ஒன்றுதான், பிரஷர் இல்லை என்று. அதனால் கோழிகளுக்குப் பிரஷரில் ஒரு குறையும் வைக்கவில்லை. கட்டைவிரலால் ஊசியை அமுக்கிக் காட்டினார், தண்ணீர் பீச்சியடித்து எதிர்ச்சுவரில் பட்டது. அவருக்குக் கண் கலங்கியே விட்டது என்று நினைக்கிறேன்.

கோழிகளுக்கு அவர் கட்டைவிரல் இல்லை, அதுதான் விஷயம். முதல் நாள் பதினொன்றும் வரிசையில் வந்தன. வக்கீலம்மா, அதுதான் கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புக் கோழி, மூன்று தடவை கொத்தியது. ஊசி அசையவில்லை. தலையைத் திருப்பி ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தது, திரும்பத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது, போய்விட்டது. டீச்சர் என்கிற கோழி விடவில்லை, அவளுக்குப் பிடிவாதம். தூரத்திலிருந்து ஓடி வந்து ஓங்கி ஒரு கொத்து. ஊசி சாய்ந்து தண்ணீர் பீறிட்டு நேராக அவள் முகத்தில் அடித்தது. அலறிக்கொண்டு போய் விறகுக்குப் பின்னால் ஒளிந்தவள்தான். அன்றிலிருந்து பதினொன்றும் அந்தப் பைப்புக்கு நாலு முழம் தள்ளித்தான் நடக்கின்றன, கடிக்கிற நாய் படுத்திருக்கிற மாதிரி. அப்பா பழகிடும் என்றார். சாயங்காலம் வெயிலில் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. பழைய சட்டியை எடுத்துச் செங்கல் குவியலுக்குப் பின்னால் தண்ணீர் வைத்தேன். அவை குடித்த வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை அப்பா வந்து பார்த்தார், கோழியெல்லாம் தெம்பாக இருந்தது. பார்த்தியா என்றார். நான் பார்த்தேன் என்றேன். அண்ணா, பொய் அவ்வளவு சின்னதாகத்தான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை சட்டி வைத்து, குடித்ததும் துடைத்து ஒளித்துவைத்து, இப்படி மூன்று வாரம். சட்டி தேய்க்கிற வேலை போகும் என்று பார்த்தால், தேய்க்கிற வேலையோடு ஒளிக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. போன சனிக்கிழமை பள்ளி சீக்கிரம் விட்டது, பின்வாசல் வழியாக வந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த அம்மா செங்கல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே குழம்புச் சட்டி நிறையத் தண்ணீர், சுற்றிப் பதினோரு கோழி. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அம்மாதான் முதலில் பேசினாள். "நீ ஒண்ணும் பார்க்கலை" என்றாள். "நீயும்தான்மா ஒண்ணும் பார்க்கலை" என்று என் சட்டி இருக்கிற இடத்தைக் காட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள், ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் மாறி, என் காதைப் பிடித்துக்கொண்டு, அந்த மனுஷன் இப்போதுதான் மனுஷனாக நடமாடுகிறார், இதில் யாராவது குறை சொன்னால் பெற்ற பிள்ளை என்றும் பார்க்க மாட்டேன் என்றாள். நான் குறை சொல்லவில்லையே, தண்ணீர்தானே வைத்தேன் என்றேன். அது சரி என்று காதை விட்டாள். கோழிகள் மூன்று வேளை வயிறு முட்டக் குடித்ததால் இந்த மாதம் முட்டை அதிகம், அதற்கும் பைப்புக்குத்தான் நல்ல பெயர்.

இதோடு நின்றிருந்தால் உனக்கு எழுதவே மாட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். உனக்கே தெரியும், பஸ் டிப்போவில் நட்டு முடுக்குகிற வேலை, வாயை மட்டும் முடுக்கத் தெரியாது. கூண்டைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார், "அண்ணே, கோழிக்கு எப்போ ஷவர் வைக்கப்போறே? சுடுதண்ணி வேணாமா?" என்று. அப்பா முகம் சுருங்கியது. அம்மா உள்ளே போனவள் முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கோழியைத் திறந்துவிடு என்று என்னிடம் சொன்னாள். விட்டேன். பதினொன்றும் பைப்பை நோக்கி ஓடின, எட்டு நிப்பிளையும் முட்டி மோதிக் கொத்தின, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கொத்தின. சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். அப்பா சாய்ந்து உட்கார்ந்து காலை ஆட்டினார். அம்மா ஒவ்வொரு சிவப்பு மூக்கிலும் பிசைந்த மாவை ஒட்டி வைத்திருந்தாள் என்பது எனக்கும் அவளுக்கும் கோழிகளுக்கும் மட்டும் தெரியும், இப்போது உனக்கும்.

அந்த நேரம் பார்த்து என் யூனிபார்மைத் தைத்து எடுத்துக்கொண்டு தையல்கார அக்கா வந்து நின்றார். அடுத்த தெருக்காரர்தான், இரும்புக் கேட் போட்ட மாடி வீடு, மாடியில் இருபத்தாறு கோழி. சட்டித் தண்ணீர் கெட்டுப்போய் இரண்டு கோழி செத்ததாம் அவருக்கு. கோழிகள் கொத்துகிற கொத்தையும் காய்ந்திருந்த தரையையும் பார்த்துவிட்டு அப்படியே அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, எனக்கும் இதே மாதிரி மாட்டிக் குடுங்க. நான் சனிக்கிழமை ஊருக்குப் போறேன், மக வீட்டுக்கு. நாலு நாள் வர மாட்டேன். அதுங்களை யாரு பார்த்துப்பாங்கன்னுதான் தூக்கமே இல்லை" என்றார். அப்பா எழுந்து நின்று, வெள்ளிக்கிழமையே பைப்பு வாங்கிவிடுகிறேன், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பம், பதினோரு மணிக்கு நீங்கள் நிம்மதியாக பஸ் ஏறலாம் என்றார். அம்மா அவசரமாகக் குறுக்கே புகுந்து, எதற்கும் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போங்களேன், நான் ஒரு எட்டு பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அக்கா சிரித்துவிட்டு, அதான் மெஷின் இருக்கே, உங்களுக்கு எதற்குச் சிரமம், கேட்டைப் பூட்டிவிட்டுப் போகிறேன், சட்டியெல்லாம் இனிமேல் எதற்கு, தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றார். சித்தப்பா கிளம்பும்போது அப்பாவின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அப்பா அன்று இரவு விசிலடித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு நாள், இருபத்தாறு கோழி, இந்த வெயில்.

நாளைதான் சனிக்கிழமை.

சொல்லிப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். புதன்கிழமை சாப்பிடும்போது, அப்பா, பிரஷர் கொஞ்சம் அதிகமோ என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவர் கை தட்டிலேயே நின்றது. எழுந்து கை கழுவிவிட்டுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அந்த ஐந்து மாதமும் படுத்திருந்தாரே, அதே மாதிரி. மேஜைக்கு அடியில் அம்மா கிள்ளிய இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. அம்மா பாவம், நாளைக்கு தையல்கார அக்கா வீட்டு மதில் சுவரை ஏறிக் குதிக்க முடியுமா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். மேலே கண்ணாடித் துண்டு பதித்திருக்கிறதாம்.

அதனால் நானே யோசித்தேன். பைப்பில் இருக்கிற ஊசியை என் விரலால் அமுக்கிப் பார்த்தேன், நகம் வலித்தது. வால்வைப் பாதி மூடிவிட்டு அமுக்கினேன், முக்கால் மூடிவிட்டு அமுக்கினேன், அதே வலி. அறிவியல் டீச்சரிடம் பாடத்தில் சந்தேகம் என்று கேட்டேன். அவர் போர்டில் தொட்டி வரைந்து, தண்ணீர் அழுத்துகிற அழுத்தம் அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது, திருகுகிற திருகில் இல்லை என்றார். இரண்டு மாடி உயரத்துத் தண்ணீர் ஊசியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, பாவம் கோழி அதை எப்படித் தள்ளும். நீ அனுப்பிய பாக்கெட்டில் வாளிப் படம் போட்டது அதற்குத்தான். ஒரு முழ உயரத்துத் தண்ணீர், ஒரு கொத்துக்கு ஒரு சொட்டு. முப்பது வருஷம் பைப்பு வேலை பார்த்தவரிடம் ஏழாம் வகுப்புப் பாடத்தை எப்படிச் சொல்வது.

இன்று சாயங்காலம் அப்பா தையல்கார அக்கா வீட்டுக்கு வேண்டிய பைப்பை வாங்கக் கடைக்குப் போனார். அம்மாவுக்கு மாலை டியூட்டி. நான் செய்யக் கூடாததைச் செய்தேன். அப்பாவின் டிரில்லிங் மெஷினை எடுத்தேன். அதை உன்னையே தொட விட்டதில்லை அவர். உன் அறைக்குப் பெயின்ட் அடித்த பெரிய வெள்ளை வாளி, மூடியோடு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது, அதைக் கவிழ்த்து அடியில் நாலு ஓட்டை போட்டேன். அந்த மெஷின் கையில் பிடித்ததும் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுகிறது, முதல் ஓட்டை போடுவதற்குள் சுவரில் ஒன்று, தரையில் ஒன்று. தையல்கார அக்காவுக்கென்று அப்பா தைலப் புட்டியில் எண்ணி வைத்திருந்த பன்னிரண்டு நிப்பிளில் நாலை எடுத்து மாட்டினேன். ஒழுகாமல் இருக்க, அவர் செய்வது மாதிரியே மரையில் வெள்ளை டேப்பும் சுற்றினேன். கூண்டின் குறுக்குக் கம்பியில் கயிற்றால் கட்டி, கோழி கழுத்தை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினேன். ஒன்றும் வரவில்லை. பயத்தில் எனக்குத்தான் வாய் உலர்ந்தது. பிறகு வக்கீலம்மா வந்தது. தூர நின்று ஒரு கண்ணால் பார்த்தது. ஊசியின் நுனியில் ஒரு சொட்டு மின்னிக்கொண்டு நின்றது. அதற்கு அது பொறுக்கவில்லை, ஒரு கொத்து. தண்ணீர் அலகில் இறங்கியது. தலையை மேலே தூக்கி விழுங்கியது. அப்படியே சிலையாக நின்றது அண்ணா, நம்ப முடியாத மாதிரி. திரும்பக் கொத்தியது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன, கடைசியாக டீச்சரும் வந்தாள், கண்ணை மூடிக்கொண்டு கொத்தினாள். பதினொன்றையும் எண்ணினேன். பதினொன்றும் குடித்தன, மாவு இல்லாமல், சட்டி இல்லாமல்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். கேட்டில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. வாளியின் மேல் கோணியைப் போட்டு மூடிவிட்டு ஓடி வந்தேன். கூண்டை அடைப்பது என் வேலை என்பதால் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். உன் மகன் அனுப்பின நிப்பிளில் கோழிகள் ராஜா மாதிரி குடிக்கின்றன என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, அப்படியே எழுது என்றார். எழுதினேன். இனிமேல் ஊரில் கோழி வைத்திருக்கிற வீடெல்லாம் என்னைத்தான் கூப்பிடும் என்றார். அதையும் எழுதினேன். அம்மா தலையைத் தூக்கவேயில்லை. இனி அவர் காலையில் தைலப் புட்டியைத் திறந்தால் நாலு குறையும். திறக்காமல் போனால் அதைவிட மோசம், இருபத்தாறு கோழி. இந்தக் கடிதம் கம்பெனி ஆபீஸ் வழியாக உன் கைக்கு வர பதினெட்டு நாள் ஆகும், அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும், உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, எனக்குத் தெரியும். ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும், கோழிகளிடம் சொல்லிப் பார்த்தேன், போதவில்லை. காலையில் அவர் பல் விளக்கும்போது வாளியைக் கொண்டுபோய் முன்னால் வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அடித்தால் அடிக்கட்டும். அடிக்க மாட்டார், அது தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

எந்த நேரத்திலும் நிறுத்த வேண்டி வரலாம், அதனால் முடிவில் எழுத வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். எஞ்சின் அறைக்குள் போகும்போது காதுக்குப் பஞ்சு வைக்க மறக்காதே, போன தடவை போனில் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டாய் என்று அம்மாவுக்கு ஒரே கவலை. சமையல்காரரோடு சண்டை போடாதே. நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், இது அம்மாவும் அப்பாவும் தருகிற ஆசி, சின்னவள் தரக் கூடாது என்பதால் அவர்களிடமிருந்து எடுத்து அனுப்புகிறேன். இப்படிக்கு, உன் அன்புத் தங்கை.

இனி எழுதுவது அதிகப்படி. டூல் பாக்ஸ் திறக்கிற சத்தம் கேட்கிறது. நாளைக்கு வேண்டியதை எடுத்து வைக்கிறார். புட்டி மூடியைத் திருகுகிறார். எண்ணுகிறார், வாய்விட்டு எண்ணுகிறார், எட்டு வரை வந்து நிற்கிறது. திரும்ப முதலிலிருந்து எண்ணுகிறார். எட்டுதான் அண்ணா, எத்தனை தடவை எண்ணினாலும் எட்டுதான். அம்மாவைக் கூப்பிடுகிறார். அம்மா தூங்குகிற மாதிரி குறட்டை விடுகிறாள், அவளுக்குக் குறட்டையே கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஏதோ தேடுகிறார். சுவரில் நான் போட்ட ஓட்டையைப் பார்த்திருப்பார், பிளாஸ்டிக் சுருளையெல்லாம் நான் பெருக்கவேயில்லை. பின்கதவைத் திறக்கிறார்.

உன் ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். டார்ச் வெளிச்சம் கூண்டுக்குப் போகிறது. கோழிகள் முனகுகின்றன. கோணி விழுந்த சத்தம். வெளிச்சம் கீழே இறங்குகிறது, அவர் உட்கார்ந்துவிட்டார், முட்டி முழுசாக மடங்காது என்று இத்தனை நாள் சொன்னவர் குந்தி உட்கார்ந்திருக்கிறார். அசையவில்லை. எவ்வளவு நேரம் இப்படியே இருக்கிறார். இப்போது கையை நீட்டுகிறார், வாளிக்கு அடியில், ஒற்றை விரலால், மெதுவாகத் தொடுகிறார். அடுத்ததைத் தொடுகிறார். எழுந்துபோய்ச் சுவர்ப் பைப்பில் இருப்பதையும் அதே விரலால் அமுக்குகிறார், பீச்சியடித்துச் சட்டை நனைந்துவிட்டது. திரும்ப வாளிக்கு வருகிறார். அண்ணா, அவர் இப்போது டார்ச்சை அணைத்துவிட்டார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. படி ஏறி வருகிற சத்தம் கேட்கிறது, ஒரு காலை இழுத்து வைக்கிற சத்தம்.

கதவைத் தட்டுகிறார். திரும்பத் தட்டிவிட்டுச் சொல்கிறார், எழுதிக்கொண்டே கேட்கிறேன், "நாலாவது ஓட்டை ஒழுகுது. டேப்பு எத்தனை சுத்து சுத்துனே?"

ரெண்டு என்றேன்.

பிறகு, "நாலு சுத்தணும், மரை ஓடுற பக்கமா" என்கிறார். "எழுந்து வா. இருபத்தாறு கோழிக்கு எத்தனை வாளி வேணும்னு கணக்குப் போடணும். அந்த அறிவியல் நோட்டையும் எடுத்துக்கிட்டு வா."

நோட்டு இதுதான் அண்ணா, இந்தத் தாளைக் கிழிக்க